கறுப்புக் கால்மிதி

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது. ஒரு கால்மிதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன், அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறேன்.

போன வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அல்சைமர் என்ற மூளை நோய் உள்ள என் அம்மா பத்து நாளாகக் குளியலறைக்குள் போகவே மாட்டேன் என்கிறார். வாசல் வரை வருவார், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன், சத்தம்கூடப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு காலைக் கொஞ்சமாக நீட்டி, கட்டைவிரலால் கால்மிதியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிணறு, விழுந்துருவேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கால்மிதி!

தள்ளுபடி போக 349 ரூபாய். வழுக்காது, சீக்கிரம் காயும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. அம்மாவுக்கு அது குழியாகத் தெரிந்திருக்கிறது. சுருட்டி எடுத்தேன், அடுத்த நிமிடம் உள்ளே போய்விட்டார்! இப்போது தரை நிறத்திலேயே ஒன்று போட்டிருக்கிறேன். சந்தையில் 100 சொன்னார்கள், பேசி 80க்கு வாங்கினேன். அதுவும் வழுக்காது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அதற்கு முன்னாலேயே கண் டாக்டரிடம் காட்டினோம், கண்ணில் கோளாறு இல்லை என்றார். அல்சைமரில் கண் நன்றாகப் பார்த்தாலும், பார்த்தது என்ன என்று மூளை தப்பாக எடுத்துக்கொள்ளலாம். வெறும் மறதி நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

டிமென்ஷியாவும் அல்சைமரும் ஒன்றா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போவதற்குப் பொதுப் பெயர்தான் டிமென்ஷியா. அதில் பல வகை உண்டு, 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். ஆனால் வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டாலும் மறதி வரும், அதற்கு மருந்து இருக்கிறது. அதனால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். "வயசானா அப்படித்தான்" என்று நாங்கள் ஒரு வருடத்தை விட்டுவிட்டோம்.

அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். புது நினைவுதான் முதலில் போகும். காலையில் இட்லி சாப்பிட்டது தெரியாது, பிறந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்கு எத்தனை படி என்று கேளுங்கள், சொல்வார். வந்ததுமே "அத்தை, உங்க தம்பி மகன் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்களேன்.

சரி, எண்ணெய் சூடாகிவிட்டது. இன்றைக்குத் தலைக்குக் குளிக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், போகிறேன்.