சட்டை அட்டையில் ஒரு கோவேறு கழுதை

எல்லோருக்கும் வணக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்ட கையோடு மைக்கைக் கொடுத்துவிட்டீர்கள். கண் இன்னும் கூசுகிறது.

இப்போது பார்த்த படம் ஓர் அமெரிக்கக் கறுப்பின ஓவியரைப் பற்றியது. பில் டிரெய்லர் என்று அவர் பெயரைச் சொன்னதும் பின்வரிசைத் தம்பி ஒருவர், "டிரெய்லர் சரி, படம் எப்ப?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அது பண்ணைக்காரக் குடும்பத்தின் பெயர். அந்த வீட்டு அடிமையாகப் பிறந்ததால் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 'இன்னார் வீட்டு ஆள்' என்றே ஆயுளைக் கழித்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வரைந்த கோவேறு கழுதையைப் பார்த்ததும், இது ஏர் பிடித்த கை என்று எனக்குப் பட்டது.

1853 வாக்கில் அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான அலபாமாவில் பிறந்தவர். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அப்புறமும் விளைச்சலில் பங்குக்கு, நம் வாரம் மாதிரி, உழுதார். முதுமையில் மான்ட்கோமரி நகரத்துக்கு வந்தார். இரவில் சவப்பெட்டிக் கடையின் பின்னறையில் படுக்கை, பகலில் மன்ரோ தெருவோரம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து வரைவது. அப்போது வயது 85-க்கு மேல். சட்டைக்குள் வைக்கிற அட்டை, கடை விளம்பர அட்டையின் பின்பக்கம், எது கிடைத்தாலும் சரி. புது அட்டை வாங்கிக் கொடுத்தாலும் கறை படிந்த பழசைத்தான் விரும்பினார். அந்தக் கறையையே படத்துக்குள் இழுத்துக்கொண்டார். மூன்று நான்கு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்!

'கண்டெடுக்கப்பட்ட கலைஞர்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டெடுக்க என்ன இருக்கிறது? பார்த்தவர்கள் ஏராளம். எடுத்து வைத்தவர் ஒருவர்: சார்லஸ் ஷானன் என்ற வெள்ளைக்கார இளம் ஓவியர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் படத்துக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் என்று விலை பேசியபோது மறுத்துவிட்டார். 1949-ல் டிரெய்லர் இறந்தார். 1982-ல் வாஷிங்டன் கண்காட்சிக்குப் பிறகுதான் பெயர் பரவியது. 2020-ல் ஒரே படம் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைத்ததே 2018-ல்.

ஷானனையும் நான் தெய்வமாக்க மாட்டேன். 1992-ல் டிரெய்லரின் வாரிசுகள் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 12 படங்கள் கொடுத்து சமாதானம் ஆனது. பன்னிரண்டு! ஆனாலும், அவர் குப்பையில் போட்டிருந்தால் வழக்குப் போடக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

என் அப்பாயி ஒவ்வொரு பொங்கலுக்கும் மண்சுவரில் காவியும் சுண்ணாம்பும் குழைத்து மாடு வரைவாள். கொம்பு மட்டும் சுவரைத் தாண்டி வாசல் நிலை வரைக்கும் போகும். அடுத்த பொங்கலுக்கு அதன் மேலேயே வெள்ளையடித்துப் புது மாடு. அவள் போன மறுவருஷம் எங்களுக்குத் தொகுப்பு வீடு வந்தது. சுவரை இடிக்க வந்த ஆளுக்குக் கடப்பாரை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.