கார்ட்டூனுக்கு இரண்டாவது வாழ்வு எப்படி வருகிறது?

அவையோருக்கு வணக்கம்.

2021 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் கார்ட்டூன் வீரன் ஹீ-மேன் வந்தான். செப்டம்பரில் மறுபடியும் வந்தான். அதே வீரன், அதே மேட்டல் பொம்மைக் கம்பெனி, அதே தளம். ஆனால் இரண்டும் வேறு வேறு தொடர்கள். ஜூலையில் வந்தது 1980-களின் கதையைத் தொடர்வதாகச் சொல்லிக்கொண்டது. செப்டம்பரில் வந்தது பழைய கதை எதுவும் தெரியாத சிறுவர்களுக்காகக் கம்ப்யூட்டர் அனிமேஷனில் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு வீரனுக்கு ஒரே வருஷத்தில் எதற்கு இரண்டு தொடர்?

பழைய கார்ட்டூன் ஒன்று மறுபடியும் பிரபலமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். யாரிடம் பிரபலம் என்று கேட்பதில்லை. ஏழு வயதுக் குழந்தையிடம் அதற்கு இருக்கும் செல்வாக்கு வேறு, அதைப் பார்த்து வளர்ந்த முப்பத்தைந்து வயதுக்காரரிடம் இருக்கும் செல்வாக்கு வேறு. மேட்டல் இதைப் புரிந்துகொண்டு ஆளுக்கொரு தொடர் கொடுத்தது. புரியாதவர்கள் இரண்டையும் ஒரே தொடரில் போட்டுக் குழப்பி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறார்கள்.

நினைவேக்கம், அதாவது பழையதை நினைத்து ஏங்கும் ஏக்கம், நல்ல கார்ட்டூனைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுகிறது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதைத்தான் அது காப்பாற்றுகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு.

1983-க்கு முன்னால் அமெரிக்காவில் பெரிய நெட்வொர்க்குகள் சனிக்கிழமை காலைக்கென்று ஒரு பருவத்துக்கு 13 அல்லது 16 எபிசோடுகள்தான் வாங்கும். ஹீ-மேனைத் தயாரித்த ஃபிலிமேஷன் வேறு வழியில் போனது. நெட்வொர்க்கை விட்டுவிட்டு ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு நேராக விற்றது. அந்த நிலையங்கள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போடும். அதற்கு வேண்டியது 65 எபிசோடுகள். வாரத்துக்கு 5 வீதம் 13 வாரம், அதாவது கால் வருஷம். கால் வருஷம் முடிந்ததும் முதல் எபிசோடிலிருந்து திரும்ப ஓட்டு. வருஷத்துக்கு நான்கு சுற்று, 260 நாள். செலவு 65-க்கு, ஒளிபரப்பு 260-க்கு.

1984-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பொம்மைக் கம்பெனிகள் வரிசையில் வந்து நின்றன. வண்டியாக உருமாறும் ரோபோக்களின் தொடரான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அந்த வருஷத்துப் பிள்ளைதான். 1990-ல் சட்டம் போட்டு விளம்பரத்தை வார நாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று மறுபடி கட்டினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை முழுக்க இந்த 65 சுற்றில் வளர்ந்துவிட்டது.

இப்போது அந்தக் கணக்கைக் குழந்தையின் பக்கத்திலிருந்து போடுங்கள். ஒரு எபிசோடின் கதையை அது வருஷத்துக்கு அதிகம் போனால் நான்கு முறை பார்க்கும். டைட்டில் பாட்டை 260 முறை கேட்கும். ஹீ-மேனில் இளவரசன் வாளை உயர்த்தி வீரனாக மாறும் காட்சியும் அப்படித்தான். ஃபிலிமேஷன் காசு மிச்சம் பிடிக்க ஒருமுறை வரைந்த ஓட்டம், குத்து, திரும்பல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எபிசோடுக்கு எபிசோடு ஒட்டும். அன்றைக்கு விமர்சகர்கள் சிரித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அந்தக் கஞ்சத்தனம்தான் மனதில் நிற்கிறது. ஹீ-மேன் பார்த்து வளர்ந்தவரிடம் கதை கேளுங்கள், ஒன்றுகூடத் தேறாது. வாளை உயர்த்தி என்ன சொல்வான் என்று கேளுங்கள், எழுந்து நின்று சொல்லிக் காட்டுவார்.

ஆகவே நினைவில் தங்குவது பாட்டு, குரல், திரும்ப வரும் வசனம், உருமாறும் காட்சி. கதை அல்ல. பழைய தொடரைத் திரும்ப எடுக்கிறவர் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதிர்ச்சி ஒருமுறை நடந்தாலே போதும். 1986 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தில் ரோபோக்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றார்கள். காரணம் கலை இல்லை, கடை. பழைய பொம்மைகளை இறக்கிவிட்டுப் புதியவற்றை அலமாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள், கம்பெனிக்குக் கண்டனம் குவிந்தது, 1987-ல் தொடரில் அவனுக்கு உயிர் கொடுத்தார்கள். 2007-ல் நடிகர்களை வைத்துப் பெரிய படம் எடுத்தபோது, பழைய கார்ட்டூனில் ஆப்டிமஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனையே அழைத்தார்கள். 1984-ல் எட்டு வயதாக இருந்தவருக்கு அப்போது முப்பத்தொன்று.

இன்னொரு அதிர்ச்சி ஹங்கேரியில் நடந்தது. 1993 டிசம்பர் 12, ஞாயிறு மாலை. தொலைக்காட்சியில் டிஸ்னியின் வாத்துக் கார்ட்டூன் டக் டேல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பிரதமர் யோசெஃப் அன்டல் இறந்த செய்தியைச் சொன்னார்கள். அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அந்த நாட்டில் இன்றும் 'டக் டேல்ஸ் தலைமுறை' என்றே அழைக்கிறார்கள்.

சரி, அந்த இடைப்பட்ட காலத்தில் கார்ட்டூன் என்ன ஆகிறது? நேர்கோட்டில் ஏறுவதில்லை, பள்ளத்தில் விழுந்துதான் எழுகிறது. ஆறு முதல் பதினொரு வயது வரை அதுதான் உலகம். பன்னிரண்டு பதின்மூன்றில் அதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளவே வெட்கம். கல்லூரிப் பருவத்தில் கிண்டலாகத் திரும்ப வருகிறது. 2011 ஜூலையில் அமெரிக்காவின் டீன்நிக் சேனல் 1990-களின் நிக்கலோடியன் தொடர்களைத் திரும்பப் போட ஆரம்பித்தது. எத்தனை மணிக்கு? நள்ளிரவுக்கு மேல். அந்த நேரத்தில் எந்தக் குழந்தையும் விழித்திருக்காது, இருபது வயதுக்காரர்கள் விழித்திருப்பார்கள். முப்பதுக்கு மேல் போனால் கையில் சம்பளம், மடியில் குழந்தை, வீட்டில் சந்தா. எதைப் போடுவது என்று ரிமோட்டை வைத்துத் தீர்மானிப்பவர் அவர். எந்தத் தொடருக்குப் பணம் ஒதுக்குவது என்று ஸ்டூடியோவில் தீர்மானிப்பவரும் அநேகமாக அதே வயதுக்காரர். அதனால்தான் திரும்பி வருவது பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வருஷத்துக்குள் நடக்கிறது.

இதோடு டிஸ்னியின் ஏழு வருஷக் கணக்கைப் போட்டுக் குழப்பக்கூடாது. ஏறத்தாழ ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பழைய படங்களைத் தியேட்டரில் திரும்ப விட்டது புதுக் குழந்தைகள் வந்துவிட்டார்கள் என்பதற்காக. அவர்களுக்கு அது பழசே இல்லை.

திரும்ப எடுக்கும்போது எங்கே இடறுகிறது என்பதற்கு வருவோம்.

குரல்தான் முதல் இடறல். பவர்பஃப் கேர்ள்ஸ் 1998-ல் வந்தது. 2016-ல் புதுத் தொடர் எடுத்தபோது மூன்று நாயகிச் சிறுமிகளுக்கும் குரலை மாற்றினார்கள். படம் பார்க்கப் பழைய மாதிரியே இருந்தது, காது ஏற்கவில்லை. பழைய ரசிகர்களைத் தேடித்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள், அவர்களிடமே எதிர்ப்பு வந்தது. 2024-ல் எக்ஸ்-மென் '97 இதற்கு நேர்மாறாகச் செய்தது: 1992-ன் டைட்டில் மெட்டு அப்படியே, நாயகர்களில் ஒருவனான வுல்வரினுக்குப் பழைய கால் டாட் குரல், கதையும் பழைய தொடர் நின்ற இடத்திலிருந்து. இது குழந்தைகளுக்கான தொடரே அல்ல என்பதை மறைக்கவும் இல்லை.

ஜூலை ஹீ-மேன் இடறியது வேறு இடத்தில். பழைய உருவம் இருந்தது. ஆனால் முதல் எபிசோடிலேயே நாயகனைச் சாகடித்துவிட்டு அவன் தோழி டீலாவின் கையில் கதையைக் கொடுத்தார்கள். கதையாகப் பார்த்தால் அதில் தவறில்லை, துணிச்சல்கூட. ஆனால் பார்க்க வந்தவர் காத்திருந்தது வாள் உயரும் அந்தக் காட்சிக்கு. பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சாம்பாரை மறைத்துவிட்டுப் புதுக் கறி பரிமாறியது போல ஆயிற்று.

படச் சட்டமும் காலை வாரும். பழைய தொடர்கள் 4:3 அளவில் வரையப்பட்டவை. இன்றைய அகலத் திரை 16:9. அகலத்தை நிறைக்க வேண்டுமானால் மேலும் கீழும் வெட்ட வேண்டும், வெட்டுப்படுவது படத்தின் உயரத்தில் சரியாகக் கால்வாசி. 2007-ல் அமெரிக்காவில் டிராகன் பால் இசட் டிவிடியை இப்படி வெட்டி வெளியிட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். இன்னொரு கோளாறு, தூசியும் கீறலும் நீக்கும் தானியங்கி மென்பொருள். ஒரு ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப்படத்தில், தெரிந்து அடுத்ததில் இல்லாத புள்ளியைத் தூசி என்று அது அழிக்கும். கார்ட்டூனில் வேகமாக நகரும் கோடும் அப்படித்தானே இருக்கும்? கை வீசும்போது விரல்கோடு பாதி காணாமல் போயிருக்கும். ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஓடும்போதும் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும்.

ஒழுங்காகச் செய்ததற்கு 2017-ன் டக் டேல்ஸைத்தான் காட்டுவேன். 1987 தொடரும் 65 எபிசோடோடு தொடங்கியதுதான். இந்தியாவில் தூர்தர்ஷன் 1990-களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தி டப்பிங்கில் போட்டது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் பார்த்தார்கள். புதிய தொடரில் அந்தப் பாட்டை வேறு குரலில் பாடவைத்தாலும் மெட்டையும் வரியையும் விட்டுவிடவில்லை. மற்றதில் தாராளமாகக் கைவைத்தார்கள். பழையதில் கோடீஸ்வர வாத்து ஸ்க்ரூஜின் மூன்று பேரன்களுக்கும் ஒருவரே குரல் கொடுத்தார், யார் யாரென்றே தெரியாது. புதியதில் மூவருக்கும் மூன்று குரல், மூன்று குணம். அவர்கள் அம்மா எங்கே என்று பழைய தொடர் கவலைப்படவே இல்லை. புதியது அதையே நடுக்கதையாக எடுத்துக்கொண்டது. அப்பா பாட்டுக்காக வந்து உட்கார்ந்தார், பிள்ளை கதைக்காக உட்கார்ந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. டீன் டைட்டன்ஸ் 2003-ல் வந்த தொடர், மொத்தம் 65 எபிசோடு. 2013-ல் ஐந்து நாயகர்களுக்கும் அதே குரல்களோடு, ஆனால் முழுக்க முழுக்கக் கூத்தாக, 11 நிமிட எபிசோடுகளாக டீன் டைட்டன்ஸ் கோ! வந்தது. பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இணையத்தை மட்டும் பார்த்தவர்கள் அது ஒரு வருஷம் தாங்காது என்றிருப்பார்கள். இன்று 400 எபிசோடைத் தாண்டிவிட்டது. குழந்தைகள் இணையத்தில் சண்டை போடுவதில்லை, சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். நினைவேக்கத்தின் சத்தத்தை வைத்துக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடக் கூடாது.

தமிழுக்கு வருகிறேன். சுட்டி டிவி 2007-ல் தொடங்கியது. அன்று எட்டு வயதாக இருந்தவர் இன்று இருபதுகளின் பின்பாதியில் இருக்கிறார். பள்ளத்திலிருந்து ஏறும் காலம் இதுதான். அதனால்தான் ஜாக்கி சான் தொடரின் துணுக்குகளும் டோராவின் 'குள்ளநரி திருடக்கூடாது'வும் மீமாகச் சுற்றுகின்றன. ஜாக்கி சான் தொடர் மொத்தம் 95 எபிசோடுகள், அமெரிக்காவில் 2005-லேயே முடிந்துபோனது. தமிழில் தினமும் சுற்றிச் சுற்றி ஓடியதால்தான் இங்கே அதற்குத் தனி வாழ்வு. கணக்கு அதேதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் கூடுதல். தமிழ்ப் பிள்ளையின் நினைவில் இருப்பது தமிழ்க் குரல். ஆங்கில மூலத்தை எவ்வளவு தெளிவான படமாகக் கொடுத்தாலும் அந்தக் காது திறக்காது. டப்பிங் என்பது, வசனம் நீக்கி இசையும் ஓசையும் மட்டும் உள்ள ட்ராக்கின் மேல் உள்ளூர்க் குரலைச் சேர்ப்பது. அந்தச் சேர்ந்த ட்ராக் சேனலின் உரிமைக்காலத்துக்கென்று செய்யப்படுவது. தொடர் வேறு தளத்துக்குப் போகும்போது படம் போகும், தமிழ் போகாமல் நின்றுவிடலாம். பேசியவர்களின் பெயரும் பெரும்பாலும் திரையில் வந்ததில்லை, திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது?

மிஞ்சுவது வீடுகளில் பதிவு செய்து வைத்த ஒளிபரப்புதான். அதிலிருந்து தமிழ் ஒலியை எடுத்துப் புதிய தெளிவான படத்தோடு பொருத்துகிறவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. அன்றைய இந்தியத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 ஃபிரேம். புதிய கோப்பு பெரும்பாலும் 23.976. வேகத்தைக் கூட்டி பால் முறைக்கு மாற்றிய தொடரானால் 22 நிமிட எபிசோடு 21 நிமிடம் 6 விநாடியில் முடிந்திருக்கும். அப்படியே பொருத்தினால் கடைசிக் காட்சி வருவதற்குள் உதடும் பேச்சும் 54 விநாடி விலகிவிடும். எல்லாத் தொடரும் இப்படி மாற்றப்பட்டதல்ல. அதனால் முதலில் டைட்டில் பாட்டை அளந்து பாருங்கள்: புதிய கோப்பில் 60 விநாடி ஓடும் பாட்டு உங்கள் பதிவில் ஐம்பத்தேழரை விநாடியில் முடிந்தால் வேகம் கூட்டப்பட்டிருக்கிறது. இடையில் விளம்பரத்துக்கு வெட்டிய இடங்களைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும், மொத்தமாக நீட்டினால் எதுவும் பொருந்தாது.

வேகத்தை 95.9 சதவீதமாகக் குறைக்கும்போது சுருதியையும் சேர்த்து இறக்குவதா, அப்படியே நிறுத்துவதா என்று மென்பொருள் கேட்கும். இறக்கினால் இசை மூலச் சுருதிக்கு வந்துவிடும், ஒரு அரை ஸ்வரத்தில் (செமிடோன்) ஏறத்தாழ முக்கால் பங்கு வித்தியாசம். ஆனால் தமிழ்க் குரல் வேகம் கூட்டிய படத்தைப் பார்த்தே இயல்பாகப் பேசிப் பதிவானதாக இருந்தால், அதையும் சேர்த்து இறக்கும்போது தொண்டை கட்டியது போலக் கனத்துவிடும். பாட்டும் பிள்ளைகளின் காதில் பதிந்த சுருதியில் இருக்காது. பாதுகாத்து வைக்கும் பிரதியில் எதையும் தொடாதீர்கள். கேட்பதற்கான பிரதியில் வேகத்தை மட்டும் குறைத்துச் சுருதியை அப்படியே விடுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் அது பிழைதான். ஆனால் 2007-ல் இங்கே கேட்டது அந்தச் சுருதியைத்தான்.