அம்மா ஓட்டுப் போட்ட பெட்டி

(திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் பேசியதை எழுதித் தந்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். நான் உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார், "யாருக்குப் போட்டாலும் ஒண்ணுதானே சார், எதுக்கு ஓட்டுப் போடப் போகணும்?" என்று. பேச வேறு ஏதோ தயாரித்து வந்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். இதைப் பேசுவோம்.

எங்கள் அம்மா பண்ணையாள் வீட்டுப் பெண். 1952 ஜனவரியில் முதல் ஓட்டு. அப்போது ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் இருக்காது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், மறைப்புக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். பண்ணையில் சொல்லி அனுப்பியது காங்கிரசின் இரட்டைக் காளைக்கு. அம்மா போட்டது கம்யூனிஸ்டுகளின் கதிர் அரிவாளுக்கு. வெளியே வந்தால் பண்ணையின் காரியக்காரர் நிற்கிறார், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. "எங்களப் பாத்து அவரு முழிச்சது அன்னைக்குத்தான்" என்று அம்மா கடைசிவரை சொல்வார்.

அந்தத் தைரியம் தேர்தல் நோட்டீஸைப் பார்த்து வந்ததில்லை. அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே, 1943ல், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து சேரி சேரியாகப் போய் விவசாயச் சங்கம் கட்ட ஆரம்பித்துவிட்டார். கன்னடம் பேசும் ஊரில் பிறந்தவர். பண்ணையில் வாங்கும் சவுக்கடியும், தண்டனையாகக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தலையெழுத்து இல்லை என்று எங்கள் ஜனங்கள் சங்கத்தில் கூடித்தான் தெரிந்துகொண்டார்கள். முதலில் சங்கம், அப்புறம்தான் ஓட்டு. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றமும் அதே 1952லேயே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. எதிர்த்துப் போட்ட ஜனங்கள், சரி, ஆட்சி மாறப்போகிறது என்று காத்திருந்தார்கள். தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சர் ஆனார். காங்கிரசை எதிர்த்து ஜெயித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அந்த மந்திரிசபையிலேயே உட்கார்ந்தார். குடியரசாகி இரண்டே வருஷம், அதற்குள் ஓட்டு ஒரு பக்கம், ஆட்சி ஒரு பக்கம். கட்சித் தாவலைத் தடுக்க ஒரு சட்டம் வர 1985 வரை ஆனது.

ஆனால் அதே அரசுதான் அந்த ஆகஸ்டில் தஞ்சை ஜில்லாவுக்கென்று சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைக்காரருக்கு, பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது. இதையும் சொன்னால்தான் நியாயம். ராஜாஜி மனமிரங்கிக் கொடுத்தார் என்று நான் நம்பவில்லை, சங்கம் நெருக்கியதால் வந்தது. அப்புறம் மிராசுதாரர்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைக்க ஆரம்பித்தார்கள், அது வேறு கதை.

1967ல் ஆட்சியே மாறியது. எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். மறு வருஷம் டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு மூண்ட தகராறு அது. எனக்குப் பதிமூன்று வயது. இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 1973ல் உயர்நீதிமன்றம் நிலக்காரர்களை விடுவித்துவிட்டது. தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த நாட்களில், எங்கள் திண்ணையில். அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு மூன்று நாள் மழைக்குப் பயந்து படுத்துக் கிடந்தேன், சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு லஞ்சம் என்று கேட்டார்கள். அங்கே எல்லாக் கட்சிக் கரைவேட்டியும் இருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜனங்களுக்கு வெறுத்துப்போவது இங்கேதான், சட்டசபையில் இல்லை.

ஊராட்சியையாவது நம் கையில் விட்டார்களா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்று வருஷம், நாம் தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் அரசு வைத்த தனி அலுவலர். அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர். முதல் தடவை ஆண்டது ஒரு கட்சி, இரண்டாம் தடவை இன்னொரு கட்சி. பட்டா மாறுதலுக்கும் தெருவிளக்குக்கும் நாம் கட்சிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்றுதான் இருவருமே விரும்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பது எப்படிப் பதிலாகும்? அம்மாவுக்கு ஓட்டு வேலை செய்தது, ஓட்டுக்கு முந்தின நாளும் மறுநாளும் சங்கம் இருந்ததால். நாம் அந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கிற ஒரு நாளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஊராட்சித் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும். 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் போதும், 500 பேருக்குள் என்றால் 50. போன தடவை நம் ஊரில் நான் தலையை எண்ணினேன், பாதிகூட இல்லை, பிறகு வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார்கள். இனிமேல் அந்த நோட்டில் வீட்டிலிருந்து யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கடைமடை வடிகால் நான்கு வருஷமாக ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, சம்பா முழுகுகிறது. கிராம சபையில் கொடுக்க அந்த வடிகாலின் சர்வே எண்ணோடு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இந்தக் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். தம்பி, முதல் கையெழுத்து நீங்கள்.