சாவேஸ் ஓடைக்கு ஜார்விஸ்னு பேரு

எல்லாருக்கும் வணக்கம். புதையல்னு தலைப்பு போட்டதும் இத்தனை பசங்க வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நம்மூர்ல புதையல்னா பூதம் காக்கும்னு சொல்வாங்க, நான் சொல்லப்போற இடத்துல பூதம் கிடையாது, கண்ணுக்கெட்டின தூரம் புல்லுதான்.

அமெரிக்காவுல மிசூரிலேந்து சாண்டா ஃபே வரைக்கும் சுமார் 900 மைல் வண்டிப்பாதை. 1821ல மெக்சிகோ ஸ்பெயின்கிட்டேந்து விடுதலை ஆச்சு, அந்த வருஷமே வில்லியம் பெக்னெல்னு ஒருத்தர் சரக்கோட போயி வியாபாரத்த தொடங்கி வச்சாரு. சாண்டா ஃபே அப்போ மெக்சிகோல இருந்துச்சு. போகும்போது துணி, இரும்புச் சாமான், திரும்பும்போது வெள்ளிக்காசும் கோவேறு கழுதையும். காச எப்படிக் கட்டினாங்கன்னு கேளுங்க, பதப்படுத்தாத பச்சை மாட்டுத்தோல்ல பை தைச்சு அதுல போட்டுருவாங்க, தோல் காயக் காய சுருங்கி காச நெருக்கிப் பிடிச்சுக்கும், வாரக்கணக்கா குலுங்கினாலும் ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயாது. எனக்கு இது புதையல் கதைய விடப் பெரிய விஷயமாப் படுது.

சரி, புதைச்சாங்களா? புதைச்சாங்க. 1822 கடைசில பேர்டு, சேம்பர்ஸ்னு ரெண்டு வியாபாரிங்க இப்போ கேன்சஸ் மாநிலத்துல டாட்ஜ் சிட்டி இருக்கே, அது பக்கம் பனில மாட்டிக்கிட்டாங்க, வண்டி இழுக்கிற விலங்கெல்லாம் செத்துப்போச்சு. குழி வெட்டி சரக்க ஒளிச்சு வச்சாங்க. அந்தக் காலத்துல இதுக்குன்னே ஒரு முறை உண்டு, மேல் புல்ல பத்தையாப் பெயர்த்து தனியா வச்சுக்கிட்டு, ஜாடி மாதிரி வாய் குறுகலா உள்ள அகலமா தோண்டி, குச்சியும் காஞ்ச புல்லும் பரப்பி, தோண்டின மண்ண ஆத்துல கொண்டுபோய் கொட்டிட்டு, புல்ல பழையபடி பொருத்திருவாங்க. அப்புறம் சாண்டா ஃபே பக்கம் இருக்கிற தாவோஸ்ங்கிற ஊருக்குப் போயி கழுதை வாங்கிட்டு வந்து சரக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. 1828லயும் அப்படித்தான், கொமாஞ்சிகள்ங்கிற பூர்வகுடி மக்கள் தாக்கி விலங்குகள ஓட்டிட்டுப் போக, ஒரு கூட்டம் வெள்ளிய சுமந்துக்கிட்டே நடந்து ஆர்கன்சா ஆத்துல சூட்டோ தீவுகிட்ட புதைச்சுட்டு வந்துச்சு, அடுத்த வருஷம் பட்டாளம் பாதுகாப்புக்கு வந்தப்போ அதையும் எடுத்தாச்சு.

புதைச்சவன் உசுரோட இருந்தா திரும்பி வந்துருவான்ங்க. பொருள் போயிரும், குழி நிக்கும், குழியப் பாத்தவன் கதை கட்டுவான்.

இப்போ நான் சொல்ல வந்த ஆளு, அன்டோனியோ ஹோசே சாவேஸ், நியூ மெக்சிகோ வியாபாரி. 1843 பிப்ரவரில 5 வேலையாள், 2 வண்டி, 55 கோவேறு கழுதையோட சாண்டா ஃபேலேந்து மிசூரிக்குக் கிளம்பினாரு. அந்த வருஷக் குளிர்ல கழுதைங்க ஒவ்வொண்ணா விழுந்து, இன்னைக்கு கேன்சஸ்ல ரைஸ் கவுண்டி இருக்கிற இடத்துக்கு வர்றப்போ 1 வண்டி, 5 கழுதை மிச்சம். கைல 10,000 டாலருக்கு மேல காசும் தங்கமும். ஏப்ரல்ல ஜான் மெக்டேனியல் தலைமைல 15 பேர், டெக்சாஸ் பட்டாளம்னு சொல்லிக்கிட்டு வழிமறிச்சு, பாதைய விட்டுத் தள்ளிக் கூட்டிட்டுப்போயி கொள்ளையப் பங்கு போட்டானுங்க. 7 பேர் பங்கோட கிளம்பிட்டானுங்க, மிச்சம் 8 பேர் யார் கொல்றதுன்னு சீட்டு போட்டு 4 பேரா அவர ஒரு ஓடைக்கரைல வச்சுச் சுட்டானுங்க. ஜான் மெக்டேனியலையும் அவன் தம்பி டேவிட்டையும் 1844ல செயின்ட் லூயிஸ்ல தூக்குல போட்டாங்க.

அந்த ஓடைக்கரைல சாவேஸ் பணம் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்குன்னு ஒரு கதை ஓடுது. நான் நம்பல, திருடனுங்க அங்கயே பிரிச்சு எடுத்துட்டுப் போன பணம் அது. என் மனசு ஆறாத விஷயம் வேற. ஓடைக்கு அவர் பேரத்தான் வச்சாங்க, வாய்க்கு வாய் மாறி சாவேஸ் ஜார்விஸ் ஆயிருச்சு. இன்னைக்கும் மேப்ல ஜார்விஸ் க்ரீக்தான். பசங்களா, வீட்டுக்குப் போயி இந்தக் கதைய தம்பி தங்கச்சிகிட்ட சொல்லுவீங்கல்ல, சாவேஸ் ஓடைன்னே சொல்லுங்க.