கொரோனா டெஸ்ட் எடுக்க ஏன் அவ்வளவு பயம்? தமிழ்நாடு, 2020

(திரையில்: சென்னை, 2020 ஜூன்)

ஒருவருக்கு லேசான காய்ச்சல், தொண்டை வலி. தெருமுனையிலேயே மாநகராட்சியின் காய்ச்சல் முகாம் நடக்கிறது, காசும் கிடையாது. ஆனாலும் அவர் மருந்துக்கடைக்குத்தான் போகிறார். ஒரு அட்டை பாராசிட்டமால் வாங்கி, மிளகு ரசம் வைத்துக் குடித்து, போர்த்திப் படுத்துக்கொள்கிறார்.

இப்படி அன்றைக்கு நிறைய பேர் இருந்தார்கள். அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஏப்ரலிலேயே தெலங்கானாவும் ஆந்திராவும், காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துவைக்கச் சொல்லி மருந்துக்கடைகளுக்கு உத்தரவு போட்டன.

"விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள்" என்று டிவி விவாதங்களில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெஸ்ட் எடுத்தால் என்ன நடக்கும் என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் போகவில்லை. அந்த "என்ன நடக்கும்" எப்படி உருவானது என்று பார்க்கலாம்.

(திரையில்: 2020 மார்ச்)

தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7ஆம் தேதி உறுதியானது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். அப்போது மாதிரிகள் போன இடம் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். யாருக்கு டெஸ்ட் எடுப்பது என்பதில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் கறாராக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருந்து அறிகுறியும் இருக்க வேண்டும், அல்லது தொற்று உறுதியானவரோடு தொடர்பில் இருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இல்லை.

ஆக, முதல் சில வாரங்களில் மக்களின் எதிர்வினை நேர்மாறாக இருந்தது. "எனக்கும் எடுத்துப் பாருங்க" என்று கேட்டவர்களைத்தான் ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பின. யாருக்குப் போன் போட்டாலும் முதலில் அரசின் கொரோனா அறிவிப்பும் அதன் இருமல் சத்தமும் கேட்ட காலம் அது. யாராவது பஸ்ஸில் இருமினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். மார்ச் 21ஆம் தேதி தனியார் ஆய்வகக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள், 4,500 ரூபாய். தினக்கூலிக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தனிமைப்படுத்தல் வந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி "விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு" என்றார். சொல்வது எளிது. யார் வீட்டிலேயே இருக்கிறார், யார் வெளியே சுற்றுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மகாராஷ்டிராவில் மார்ச் நடுவில், தனிமையில் இருக்க வேண்டியவர்களின் இடது கையில் முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையோடு ரயிலில் போன 4 பேரை மற்ற பயணிகள் கவனித்துவிட, பால்கர் ஸ்டேஷனில் அவர்களை இறக்கிவிட்டார்கள். சென்னையில் கையை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டு வாசலில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது.

ஸ்டிக்கரின் நோக்கம் சரியானதுதான். தெரியாமல் யாரும் உள்ளே போய்விடக் கூடாது. ஆனால் தெருவில் அது வேறு மாதிரி வாசிக்கப்பட்டது. பால்காரர் வர மாட்டார், தண்ணீர் கேன் வராது, வேலைக்கு வரும் அக்கா நின்றுவிடுவார். 14 நாள் முடிந்தாலும் "அந்த வீடு" என்ற பெயர் மட்டும் போகாது. தனிமையில் இருப்பவர்களின் முகவரிப் பட்டியலை கர்நாடக அரசு இணையத்திலேயே வெளியிட்டது. அது வாட்ஸ்அப்பில் சுற்றாமல் இருக்குமா?

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மார்ச் 28ஆம் தேதி ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் பழைய வீட்டில், அதாவது கட்சி அலுவலகமாக இயங்கிய இடத்தில், ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். அங்கே குடியிருந்து பல வருடம் ஆகிவிட்டது என்று அவர் விளக்கம் கொடுக்க, தவறுதலாக ஒட்டிவிட்டோம் என்று மாநகராட்சி அதைக் கிழித்தது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை நம்பிப் போனதால் வந்த குழப்பம். கமல் அறிக்கை விட்டால் ஊரே படிக்கும். கொடுங்கையூரில் ஒரு வாடகை வீட்டில் அதே தவறு நடந்தால், அந்த ஸ்டிக்கரைக் கிழிக்க யாரைப் போய்ப் பார்ப்பது?

(திரையில்: 2020 ஏப்ரல்)

மார்ச் கடைசியில், டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போய்வந்தவர்களிடம் தொற்று இருப்பது தெரிந்தது. போய்வந்தவர்கள் தாங்களாகவே முன்வர வேண்டும் என்று அன்றைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டார். பலர் வந்தார்கள். ஆனால் அதே நாட்களில் சமூக ஊடகத்தில் ஒரு மதத்தையே நோயாக்கும் வேலை தொடங்கிவிட்டது. முஸ்லிம் வியாபாரியிடம் காய் வாங்காதே என்ற அளவுக்குப் போனது. பிறகு தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளில் மாநாட்டின் பெயர் மறைந்து "ஒரே மூலம்" என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது, 'சிங்கிள் சோர்ஸ்'. நல்ல முடிவு. ஆனால் அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு வந்த முடிவு.

அடுத்தது நான் எளிதில் தாண்டிப் போக முடியாத ஒரு சம்பவம். நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் ஏப்ரல் 19ஆம் தேதி கொரோனாவால் சென்னையில் இறந்தார். உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டு போனால் அங்கே கூட்டம் சேர்ந்து எதிர்த்தது. அங்கிருந்து அண்ணாநகர் பக்கம் வேலங்காடு இடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, கூட வந்தவர்களுக்குக் காயம். குடும்பத்தார் அங்கே நிற்கக்கூட முடியவில்லை. பிறகு சக மருத்துவர் பிரதீப் குமார், இரண்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு, போலீஸ் பாதுகாப்போடு திரும்பிப் போய், தானே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார்.

இறந்தவர் உடலைப் புதைத்தால் தெருவுக்கு நோய் பரவாது. மூச்சு, இருமல், தும்மல் வழியாகப் பரவும் வைரஸ் இது. உடலை முறையாகக் கையாண்டு, பாதுகாப்பாகப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. ஆனால் முழு கவச உடை போட்ட ஆட்கள் ராத்திரியில் வந்து புதைப்பதை, விவரம் எதுவும் தெரியாமல் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? கல் எறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அடுத்த சில நாட்களில் அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோருக்கான தண்டனையைச் சேர்த்து, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை மத்திய அரசும் திருத்தியது. சட்டம் வந்தது, சரி. ஆனால் டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்த ஒவ்வொருவரின் மனதிலும் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. "டாக்டருக்கே இந்த கதின்னா, நமக்கு?"

(திரையில்: மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கும் வரைபடம்)

இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். "காலையில பாசிட்டிவ், சாயங்காலம் நெகட்டிவ், எல்லாம் ஏமாத்து" என்ற பேச்சு ஞாபகம் இருக்கிறதா? ஆர்டி-பிசிஆர் சோதனை வைரஸின் மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கித் தேடுகிறது. தொற்றிய முதல் இரண்டு நாளில் மூக்கில் பிடிபடும் அளவுக்கு வைரஸ் இருக்காது, அதனால் நெகட்டிவ் வரும். நோய் குணமான பிறகும் செத்த வைரஸின் துண்டுகள் வாரக்கணக்கில் தங்கலாம், அதனால் பாசிட்டிவ் வரும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள்: அறிகுறி தொடங்கும் நாளில்கூட, தொற்று இருப்பவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு நெகட்டிவ் வரலாம். மூன்று நாள் கழித்து எடுத்தால் அது 20 சதவீதமாகக் குறையும். குச்சியைச் சரியான ஆழத்துக்கு விடாவிட்டாலும் முடிவு மாறும்.

இதை யாரும் மக்களுக்குப் பொறுமையாகச் சொல்லவில்லை. போதாததற்கு ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் கிட் வந்தது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, ஒன்று 600 ரூபாய். முடிவுகள் தாறுமாறாக வந்ததால், 27ஆம் தேதி இரண்டு நிறுவனங்களின் கிட்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது ஐசிஎம்ஆர். மே 8ஆம் தேதி இன்னொரு மாற்றம்: லேசான பாதிப்பு உள்ளவர்கள், அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, 3 நாளாகக் காய்ச்சலும் இல்லை என்றால் மறு டெஸ்ட் இல்லாமலே வீட்டுக்குப் போகலாம். அறிவியல்படி சரியான முடிவு, ஏனென்றால் அதற்குள் பரவும் தன்மை பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் தெருவில் இருப்பவர், "நெகட்டிவ் வராமலே அனுப்பிட்டாங்க" என்றுதான் புரிந்துகொள்வார். நேற்று வரை "நெகட்டிவ் வந்தால்தான் விடுவோம்" என்று சொன்னது யார்?

(திரையில்: 2020 மே, ஜூன்)

மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டங்களுக்குப் பரவியது. ராயபுரம் மண்டலத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வடசென்னையில் ஒரே அறையில் ஐந்தாறு பேர், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. தனி அறை, தனிக் கழிப்பறை என்று கேட்கும் வழிகாட்டுதலை அங்கே யார் எப்படிப் பின்பற்றுவது? வசதி இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து நின்றால் தெருவே மாடியில் நிற்கும்.

ஜூனில் வந்த விதிதான் இந்தக் கதையின் மையம். சென்னையில் டெஸ்ட் கொடுத்தாலே அவரும் வீட்டில் உள்ளவர்களும் 14 நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது மாநகராட்சி. தொற்றியவரிடம் அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம், அதனால் மருத்துவ நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காய்ச்சல்காரரின் பக்கம் நின்று பாருங்கள். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி நான்கு வீட்டில் வேலை செய்கிறார், மகன் கடையில் நிற்கிறான். ஒரு குச்சி மூக்குக்குள் போனால் மூன்று சம்பளம் நிற்கிறது. வெறும் சளி என்று தெரிந்தாலும்!

மாநகராட்சிக்கும் இது புரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தனிமையில் உள்ள வீடுகளுக்கு மளிகை, மருந்து வாங்கிக் கொடுக்கத் தன்னார்வலர்களை நியமித்தார்கள். அந்தப் பகுதி இளைஞர்களே தினமும் வாசலில் வந்து "என்ன வேணும்க்கா?" என்று கேட்டார்கள். ஸ்டிக்கரை விட இந்த ஒரு கேள்வி அதிகம் சாதித்திருக்கும் என்பது என் அனுமானம். ஆனால் போன சம்பளத்தை அவர்களாலும் வாங்கித் தர முடியாது.

தகரம் அடித்த கதை இன்னொன்று. தொற்று உள்ள தெருவைத் தகரத்தால் அடைப்பது போய், வீட்டுக் கதவையே அடைக்கும் வரை போனது. பெங்களூரில் ஜூலையில் ஒரு குடியிருப்பில் இரண்டு வீட்டு வாசலை மாநகராட்சி ஊழியர்கள் தகரத்தால் மூட, படம் பரவி, ஆணையரே மன்னிப்புக் கேட்டார். தீ பிடித்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்று யோசிக்கக்கூட ஆள் இல்லை.

(திரையில்: 2020 டிசம்பர் 9)

கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியாக உத்தரவு போட்டால் ஒழிய, தொற்றாளர் வீட்டில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. முதல் அலை வடியத் தொடங்கிய பிறகு வந்த தீர்ப்பு.

2021 மே மாதம், இரண்டாவது அலையின் நடுவில், வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் கோவிசெல்ஃப் கிட்டுக்கு ஐசிஎம்ஆர் அனுமதி கொடுத்தது. அப்போது விலை 250 ரூபாய், 15 நிமிடத்தில் முடிவு. பாசிட்டிவ் என்றால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான், தெருவுக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: முடிவைப் படம் எடுத்து ஆப்பில் பதிவேற்ற வேண்டியிருந்தது. நீங்கள் அந்தக் கிட்டைப் பயன்படுத்தியிருந்தால், படத்தை ஏற்றினீர்களா இல்லையா என்று கமெண்டில் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.