திருகோணமலைக் கலியாணம்: இயல்பான படத்துக்கு வெளிச்சத்தை முன்கூட்டியே ஒழுங்குபடுத்துவது எப்படி?

[காட்சி: ஜன்னலோரம் பொம்பிளைக்குத் தோழி பூச்சரம் குத்துகிறாள். ரியூப் லைட் அணைகிறது. கன்னத்தில் இருந்த பச்சைச் சாயல் போகிறது.]

வணக்கம். கலியாணப் படங்கள் இயல்பாக இருக்கவேண்டும் என்றால் "இங்க பாருங்கோ, சிரியுங்கோ" என்று யாரையும் மறிக்கக்கூடாது. மறிக்காமல் எடுக்க, ஆட்கள் தாமாகவே வந்து இருக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் இருக்கவேண்டும். அதைக் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே, அதே நேரத்தில் போய்ப் பார்த்து ஒழுங்குபண்ணுங்கள்.

முதலில் பொம்பிளை வெளிக்கிடும் அறை. பெரிய ஜன்னல் உள்ள அறையைப் பிடியுங்கள். ஜன்னலிலிருந்து மூன்று, நாலு அடி தள்ளிக் கதிரை. முகம் ஜன்னலுக்குச் சற்றுச் சரிவாக இருக்கட்டும். பகல் வெளிச்சமும் ரியூப் லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். பிறகு கணினியில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆகவே லைட்டை அணையுங்கள். கிழக்கு ஜன்னலால் காலை வெயில் நேரே விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள், போதும்.

[காட்சி: வீட்டு முற்றம். நீலத் தறப்பாள் பந்தல்.]

வீட்டில் பந்தல் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நீலத் தறப்பாளுக்குக் கீழே பகலில் எல்லாம் நீலம்தான். முகம் சாம்பல் பூத்துத் தெரியும், கூறைச் சேலையின் சிவப்பு கறுத்துப் போகும். அடியில் வெள்ளைத் துணி கட்டினாலும் தீராது. வெளிச்சம் தறப்பாளில் நீலமாகி, அதன் பிறகுதான் துணிக்கு வருகிறது. வெள்ளைத் தறப்பாள் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மணவறைக்கு மேலே மட்டும் கிடுகோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக்கத்தால் வரும் வெளிச்சத்தில் முகம் அழகாக எடுபடும்.

மண்டபம் என்றால் சிக்கல் வேறு. சோடனைக்காரரிடம் மணவறைக்கு ஊதா, நீல விளக்குகள் வேண்டாம், ஒரே வகை வெள்ளை விளக்குப் போடுங்கள் என்று சொல்லிவையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புக் கோடுகளாக விழும். சட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்குக் கமரா திறந்திருக்கும் நேரத்தை, 1/100 நொடியில் வையுங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் சட்டரில் கோடு இன்னும் கூடும், அதை நிறுத்திவிடுங்கள்.

இனித் தாலி கட்டும் நேரம். அதிகமான படங்கள் கெடுவது இங்கேதான். பொம்பிளை கூறை உடுத்து வந்து இருப்பாள். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் எழும்புவார்கள், அறுகரிசி விழும், போன் பிடித்த கைகள் உயரும். வீடியோக்காரர் நட்ட நடுவில் நிற்பார். முதல் நாளே குருக்களிடம், "ஐயா, தாலி கட்டேக்க நீங்கள் எந்தப் பக்கம் நிப்பீங்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் உங்களுக்கு. முதல் வரிசைக் கதிரைகள் மணவறையிலிருந்து ஆறடி பின்னால் இருக்கட்டும்.

[காட்சி: மணவறையின் வரைபடம். இரண்டு புள்ளிகள்.]

படம் எடுக்கும் இருவரில் ஒருவர் முன்னால், அகலமாகப் பிடிக்கும் 35 மில்லிமீற்றர் லென்ஸுடன் முழங்காலில். மற்றவர் ஓரத்தில் ஸ்டூலில் ஏறி, தூரத்து முகத்தைக் கிட்டக் காட்டும் 85 மில்லிமீற்றருடன். இரண்டாமவரின் வேலை தாலி இல்லை; பொம்பிளையின் தாய், தகப்பன் முகங்கள். துளை (லென்ஸின் திறப்பு) f/2.8, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 அளவில் தொடங்குங்கள். ஓமப் புகைக்குள் நேர் பிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாகிவிடும், அடிக்கவேண்டாம்.

முடிச்சு விழுந்ததும் கமராவை இறக்காதீர்கள். அடுத்த அரை நிமிடத்தில் பொம்பிளை குனிந்து தாலிக்கொடியை விரலால் ஒருக்கால் தொட்டுப் பார்ப்பாள். தலையில் அறுகரிசி ஒட்டியிருக்கும். அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவு ஆயத்தமும். தவறவிட்டால் திரும்பக் கட்டச் சொல்லிக் கேட்கவே கூடாது.

[காட்சி: உப்புவெளிக் கடற்கரை, பின்னேரம்.]

கடற்கரையில் கடலுக்குள் சூரியன் இறங்கும் படம் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். உப்புவெளி, நிலாவெளி இரண்டும் கிழக்கைப் பார்த்தவை. கடலில் சூரியனைக் காண்பது விடியலில் மட்டும்தான். பின்னேரம் நீருக்கு மேல் அஸ்தமனம் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போங்கள். அதற்காக உப்புவெளிப் பின்னேரத்தைக் கைவிடவும் வேண்டாம். ஐந்து மணிக்குப் பிறகு வெளிச்சம் தரைப்பக்கத்தால் தணிவாக வரும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தரைப்பக்கத்தைப் பார்த்து நடக்கட்டும். கச்சான் காற்று எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்றும் அந்தப் பக்கத்தாலேயே வருவதால் தலைமயிர் முகத்தில் விழாது, சேலை பின்னால் பறக்கும்.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், அது பிரெட்றிக் கோட்டைக்குள் இருப்பதையும் அங்கே இராணுவ முகாம் இருப்பதையும் மறக்கவேண்டாம். அனுமதி இல்லாமல் ட்ரோன் ஏற்றாதீர்கள். உள்ளே படம் எடுக்கலாமா என்று கோயிலிலும் கேளுங்கள். மான்களைக் கிட்டே கூப்பிட வேண்டாம், தூர நின்று பின்னணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையை எதிர்பார்த்தே திட்டம் போடவேண்டும். ஆழமான விறாந்தை உள்ள ஒரு வீடோ விடுதியோ கையில் இருக்கட்டும். மழை முகில் வெளிச்சம் முகத்துக்கு மிருதுவானது, பயப்படத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. ஏசி மண்டபத்திலிருந்து கடல் ஈரக் காற்றுக்கு வந்தவுடன் லென்ஸில் நீர் படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். மண்டபத்துக்குள்ளேயே கமராவைப் பொலித்தீன் பையில் இறுக்கி மூடி, வெளியே வந்து 20 நிமிடம் கழித்துத் திறவுங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றவேண்டாம். வீட்டுக்குப் போனதும், உப்புக் காய்ந்து பிடிக்க முன்னரே, ஈரத்துணியால் கமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.