இறால் பண்ணையின் நீர் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். இறால் வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது, பாரம்பரிய முறை நல்லது, தீவிர முறை கெட்டது என்று பிரித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மணக்குடிக் காயலும் தேங்காப்பட்டணம் முகத்துவாரமும் உள்ள நம் குமரி மாவட்டத்தில், முறையின் பெயரைவிட, பண்ணை எந்த நிலத்தில் அமைகிறது, அறுவடை நாளில் அதன் நீர் எங்கே திறந்துவிடப்படுகிறது என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பாரம்பரிய முறைக்கு எடுத்துக்காட்டான, உவர்நீர் ஏறும் கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல் விளைகிறது. கதிர் அறுத்தபின் ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்றநீரோடு, உள்ளே வரும் இறால் குஞ்சுகள், நெல்தாள் மட்கி உண்டாகும் உணவில் வளர்கின்றன. கழிவு என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. ஆனால் விளைச்சல் குறைவாதலால், இம்முறைக்குப் பரப்பு மிகுதியாக வேண்டும். அந்தப் பரப்பு அலையாத்திக் காட்டை வெட்டிப் பெறப்படுமானால், மீன் குஞ்சுகளின் வளர்ப்பிடம் அழிவதோடு, அந்த மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப்பட்டு அமிலமாகிக் குளத்தையும் கெடுத்துவிடும்.

தீவிர முறையின் சிக்கல் வேறு. 2009-இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டு இனமான வனாமி இறாலைச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விடலாம். இத்தனைக்கும் தீவனம் இட்டாக வேண்டும். தீவனத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி இறாலின் உடலில் சேராமல் நீரிலும் அடிச்சேற்றிலும் தங்கி, அம்மோனியாவாக மாறுகிறது. அந்த நீர் காயலில் கலந்தால் பாசி பெருகி, இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன. நம் வள்ளங்கள் கொண்டுவரும் சாளை போன்ற சிறுமீன்களே அரைபட்டு இத்தீவனத்தில் சேர்கின்றன என்பதையும் மறக்கலாகாது. மணற்பாங்கான கரையில் குளத்து உப்புநீர் கசிந்து கிணறுகளையும் தென்னந்தோப்புகளையும் பாதிக்கக்கூடும். குடிநீரும் விளைநிலமும் உவர்ப்பாகிவிட்டதாக எழுந்த முறையீடுகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996 டிசம்பரில் தீர்ப்பாயின; கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் வந்தது.

நுண்ணுயிர்த் திரள்களைக் கொண்டு கழிவையே உணவாக்கும் பயோஃபிளாக் முறையில் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. இதனை நான் வரவேற்கிறேன். எனினும் காற்றூட்டும் கருவிகள் இரவும் பகலும் ஓட மின்சாரம் வேண்டும். இறுதியில் உப்புச் சேறும் மிஞ்சும்.

இனி நம் கரைக்கே உரிய ஒரு செய்தி. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், மழை குறைந்த காலத்தில் அலை ஒதுக்கும் மணல், காயல் கடலில் திறக்கும் வாயாகிய பொழியை அடைத்துவிடுகிறது. பொழி திறந்திருந்தால் ஓதம் கழிவை நீர்த்துப்போகச் செய்யும்; அடைபட்டிருந்தால் விட்ட கழிவு அங்கேயே கிடந்து, அலையாத்தி வேர்களையும், அங்கே வலை வீசிப் பிழைப்போரின் மீனையும் தாக்கும். எனவே, இத்தகைய காயலோரத்தில் எந்த முறைப் பண்ணைக்கு அனுமதி அளித்தாலும், கழிவுநீரைத் தெளியவைக்கும் குளம் கட்டாயம் என்பதோடு, பொழி மூடியிருக்கும் மாதங்களில் ஒரு மடைகூடத் திறக்கலாகாது என்ற நிபந்தனையும் அனுமதி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். அதைக் கண்காணிக்கும் பொறுப்பில் காயல் மீனவர்களுக்கும் இடம் வேண்டும்.